மெஹர்பானு கிழித்துப் போட்ட சீட்டு

மெஹர்பானு மேடம் இறந்த செய்தி எனக்குக் காது வழியாக வரவில்லை. நீடாமங்கலத்தில் என் ஷெட்டில், அறுவடை இயந்திரத்தின் அடியில் படுத்துக்கொண்டு பெல்ட் மாற்றிக்கொண்டிருந்தேன். போன் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பலகை மேல் கிடந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், அவருடைய கணவர் நிஜாம் பாயிடமிருந்து நான்கு அழைப்புகள். அதற்குக் கீழே, நம் குழுவில் செல்வராஜ் சார் போட்டிருந்த இரண்டு வரிகள். விடியற்காலை மாரடைப்பு, அடக்கம் நாகூரில், அஸர் தொழுகைக்குப் பிறகு. நான்கு முறை அடித்த மணியில் ஒன்றுகூட எனக்கு எட்டவில்லை. ஏன் எட்டவில்லை என்று தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவர்தான் இறந்திருந்தார்.

செல்வராஜ் சார் அஞ்சலி எழுதச் சொல்லி ஒரு வாரமாகிறது. சம்பா அறுவடை முடிந்து உடம்பு ஓய்ந்து கிடக்கிற நேரம். எழுத உட்கார்ந்தால், மேடத்தைப் பற்றிய எந்த நினைவை எடுத்தாலும் அதன் நடுவில் நான் மறைத்த விஷயம் வந்து குந்திக்கொள்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுதிப் பார்த்தேன், வரவில்லை. மறைத்து மறைத்துக் களைத்தும்விட்டேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வருடமாக உங்களில் யாருக்கு எந்த ஆம்ப் சரி என்று தீர்ப்புச் சொல்லி வருகிற முருகையனுக்கு, அதாவது எனக்கு, காது பாதிதான் கேட்கும். மேடத்துக்கு அது தெரியும். உங்களிடம் சொல்லிவிடச் சொன்னார். சொல்கிறேன் என்றேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போய்விட்டார்.

அவருடன் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்று சார் சொன்னார். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். நாங்கள் பதினோரு பேர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தஞ்சாவூரில் செல்வராஜ் சார் வீட்டு மாடியில் கூடுவோம். ஆளுக்கொரு ஹெட்போன் வைத்திருக்கிறோம். அதன் விலையை வீட்டில் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது. அந்த ஹெட்போன்களைப் போனில் நேராகச் சொருகினால் முனகுமே தவிரப் பாடாது. நடுவில் ஒலியைப் பெருக்கித் தருகிற ஒரு ஆம்ப் வேண்டும். பழைய ரேடியோவில் இருந்ததே, கண்ணாடி வால்வு, சூடேறினால் செம்மஞ்சளாக ஒளிரும், அந்த வால்வு வைத்த ஆம்ப் மேல்தான் எங்களுக்குப் பைத்தியம். ஒரு ஹெட்போனுக்குச் சேருகிற ஆம்ப் இன்னொன்றுக்குச் சேராது. எது எதற்குச் சேரும் என்பதுதான் எங்கள் பேச்சு, சண்டை, பொழுதுபோக்கு எல்லாம்.

மேடம் மூன்று வருடத்துக்கு முன் இந்தக் கூட்டத்துக்கு வந்தார். தஞ்சாவூர் மருத்துவமனை ஒன்றில் காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவர் வேலை. நிஜாம் பாய் வளைகுடா வேலையை விட்டுத் திரும்பியபோது மனைவிக்கென்று ஒரு நல்ல ஹெட்போன் வாங்கி வந்திருக்கிறார். பகலெல்லாம் அடுத்தவர் தலையில் ஹெட்போன் மாட்டிவிடுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு கிடைக்காது என்று நாங்கள் கேலி செய்தோம். அதற்கு எந்த ஆம்ப் நல்லது என்று கேட்கத்தான் வந்தார். நாங்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னோம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எது நல்லாருக்குன்னு என்னைக் கேக்காதீங்க. எந்த ஹெட்போனுக்கு, எந்த வீட்டுக் கரண்டுக்குன்னு கேளுங்க, சேந்து பாப்போம்” என்றார். கேள்வி கேட்க வந்தவர் அன்று மாலையே எங்களைக் கேள்வி கேட்க ஆரம்பித்திருந்தார்.

அதுவரை எங்கள் ஒப்பீடு எப்படி நடக்கும் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக ஆம்ப் வாங்கியவர் அதைத் துடைத்து நடுவில் வைப்பார். எல்லோரும் கேட்டுத் தலையாட்டுவோம். விலை அதிகமானால் தலையாட்டலும் அதிகம். மேடம் ஒரு மல்டிமீட்டரைக் கொண்டுவந்து, ஒவ்வொரு ஆம்பின் சத்தத்தையும் ஒரே அளவுக்கு வைத்த பிறகுதான் காதில் மாட்டவிட்டார். கொஞ்சம் சத்தம் கூடினாலே நல்ல ஒலி என்று காது நம்பிவிடும் என்பது அவர் கட்சி. பிறகு பெட்டிகளைப் பார்க்கக் கூடாது என்று போர்வையால் மூடினார். பத்தாவது நிமிடம் போர்வை கருகும் வாசனை வந்தது. வால்வு சூட்டில் சாரின் நல்ல போர்வையில் ஓட்டை. அடுத்த மாதம் கோழி கவிழ்க்கிற பஞ்சாரம் மூன்றைச் சந்தையில் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். ஒவ்வொரு பெட்டி மேலும் ஒரு பஞ்சாரம், அதன் மேல் தூக்கிக் கட்டிய துணி. காற்றும் போகும், பெட்டியும் தெரியாது. லட்சணமான வெளிநாட்டு ஆம்புகள் கோழிகளாகக் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்து அன்று நாங்கள் சிரித்து மாளவில்லை.

கேட்டு முடித்ததும் ஒரு சீட்டில் எந்தப் பஞ்சாரம் பிடித்தது, ஏன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். யார் என்ன எழுதினார் என்று அவருக்கு மட்டும் தெரியும். நம்மில் பாதிப்பேருக்குப் பிடித்தது நாம் ஏளனம் செய்த பெட்டிதான் என்று பல முறை தெரியவந்தது. ஒருவர் முகத்தையும் அவர் வாடவிட்டதில்லை. “காது பொய் சொல்லாது, நாமதான் அதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துடுறோம்” என்று சொல்லிக்கொண்டே சீட்டுகளை அடுக்குவார்.

இப்போது என் விஷயம். என் அப்பா மார்கழி பஜனைக் கோஷ்டியில் ஜால்ரா தட்டுவார். பாடமாட்டார்; அவருக்குப் பாட்டு வராது. சிங்கப்பூரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் ஒரு வருடம் அந்தப் பஜனையை டேப்பில் பதிவு செய்தார். அப்பாவின் குரல் எந்தப் பதிவிலும் இல்லை. அந்த டேப்பில் இரண்டு வெண்கலத் தட்டுகள் மோதும் சத்தம் மட்டும்தான் அவர். அதைக் கணினிக்கு மாற்றி வைத்திருந்தேன். சில வருடங்களாக அதில் ஜால்ரா மங்கிக்கொண்டே வந்தது. டேப் பழசு என்று நினைத்தேன், பிறகு ஹெட்போன் சரியில்லை என்று நினைத்தேன், பிறகு ஆம்ப். நான் ஒரு ஆம்பை விற்று இன்னொன்றை வாங்கியது ரசனை முற்றியதால் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தீர்கள். அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பதுதான் உண்மை.

மேடம் சேர்ந்து அரை வருடம் இருக்கும், அந்த டேப்பைக் கூட்டத்தில் போட்டோம். செல்வராஜ் சார் அரை நிமிடம் கேட்டுவிட்டு, ஜால்ரா பல்லைக் கூச வைக்கிறது என்று ஹெட்போனைக் கழற்றிவிட்டார். அடுத்து நான் மாட்டினேன். ஜால்ரா இன்னும் கொஞ்சம் வரவேண்டும் என்றேன். பஞ்சாரத்தை மாற்றுகிறேன் என்று மேடம் சொன்னார். பின்னால் ஒரு க்ளிக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஆமாம், இதில் வருகிறது, சுத்தமாக வருகிறது என்று சொல்லி, சீட்டிலும் நீளமாக எழுதிக் கொடுத்தேன். மேடம் அதைப் படித்தார், நான்காகக் கிழித்தார், கைப்பையில் போட்டுக்கொண்டார். முருகையன் அண்ணன் கையெழுத்து தனக்குப் புரியவில்லை, இந்தச் சுற்றில் அவரைச் சேர்க்க வேண்டாம் என்று எல்லோரிடமும் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். என் கையெழுத்து ஊரில் பெயர் வாங்கியது, அதனால் எனக்குக் கோபம்.

புறப்படும்போது மாடிப்படியில் வைத்துச் சொன்னார்: “ரெண்டு தடவையும் ஒரே பெட்டிதான் அண்ணே. நான் எதையும் மாத்தல. அதுல எல்லாருமே ஏமாறுவாங்க, அது ஒண்ணும் இல்ல. ஆனா சாருக்குப் பல்லு கூசுற ஜால்ரா உங்களுக்கு வரலைங்கிறீங்க. செவ்வாக்கிழமை ஆஸ்பத்திரிக்கு வாங்க.”

போனேன். சின்ன அறை, சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தது, ஒரு கண்ணாடி ஜன்னல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவர். சத்தம் கேட்டால் கையில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அவர் சத்தத்தை அனுப்பும்போது வலது தோள் லேசாக அசைவது கண்ணாடியில் தெரிந்தது. தோள் அசைந்தபோதெல்லாம் அழுத்தினேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் காப்பி அடித்ததில்லை; ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அதையும் செய்தேன். அவர் எழுந்து உள்ளே வந்தார். என் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பினார். அப்புறம்தான் சொன்னார்: “நான் உங்களைப் பிடிக்க உக்காரல அண்ணே. எது மிச்சம் இருக்குன்னு பாக்க உக்காந்திருக்கேன்.”

காகிதத்தில் ஒரு கோடு வந்தது. பாதி தூரம் ஒழுங்காகப் போய், பிறகு மதகில் விழும் தண்ணீர் மாதிரி செங்குத்தாக இறங்கியது. இறங்கின பக்கத்தில்தான் மேல் ஸ்தாயிச் சத்தங்கள், ஜால்ரா, போன் மணி, குருவி எல்லாம் இருக்கின்றன என்று விரலால் தொட்டுக் காட்டினார். முப்பது வருடம் டிராக்டர், பிறகு அறுவடை இயந்திரம். காதில் ஒரு துண்டுப் பஞ்சு வைத்ததில்லை நான். ஆம்பை மாற்றினால் இது திரும்பாது, அது பெட்டியில் இல்லை என்றார். உங்கள் மெஷினில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

எட்டு மாதம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கூட்டத்துக்கு வந்தால் நான் மறு கோடியில் உட்காருவேன். அந்த எட்டு மாதத்தில்தான், கிடைத்ததிலேயே கூர்மையாக ஒலிக்கும் ஆம்பை வாங்கி, அதைவிடக் கூர்மையான வால்வுகளைத் தேடிப் போட்டேன். மேல் ஸ்தாயி துல்லியம், பளபளப்பு என்றெல்லாம் குழுவில் பத்தி பத்தியாக எழுதினேன். கேட்காதவன்தான் அப்படி எழுதுவான் என்று இப்போது தெரிகிறது. அப்போது அது உங்களுக்கு நிபுணத்துவமாகத் தெரிந்தது. மயிலாடுதுறையிலிருந்து கால்நடை மருத்துவர் கதிரவன் புதிதாகச் சேர்ந்ததும் அந்தச் சமயத்தில்தான். முதல் ஆம்பை என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார். என்னுடையதையே, அதே வால்வுகளோடு, வாங்க வைத்தேன்.

மேடத்திடம் நான் திரும்பிப் போனது மனம் திருந்தி அல்ல, பயந்துபோய். என் இயந்திரத்தையே டிரைவர் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். ரிவர்ஸ் அலாரம் கத்திக்கொண்டு வந்திருக்கிறது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தேன். நடவாள் ஒரு அம்மா சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையை வேறு யாராவது எனக்காக எழுதியிருப்பார்கள். அந்த அம்மா, காதென்ன செவிடா என்று திட்டினார். திட்டியது மட்டும் தெளிவாகக் கேட்டது. மறுநாள் மேடத்துக்குப் போன் செய்தேன். எட்டு மாதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருத்துவமனைக்கு வரும்போது அந்தப் பஜனைப் பதிவையும் எடுத்து வரச் சொன்னார், அவ்வளவுதான்.

காதுக்கருவி பொருத்தினார். அதை வீட்டில் தனியாக இருக்கும்போது போடுவேன், ஷெட்டுக்கோ கூட்டத்துக்கோ கிளம்புமுன் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் வற்புறுத்தவும் இல்லை. ஒரு வாரம் கழித்துப் பதிவைத் திருப்பிக் கொடுத்தார். கணினியில் ஏதோ செய்து, ஜால்ராவின் சத்தத்தை மட்டும் எனக்குக் கேட்கிற ஸ்தாயிக்குக் கீழே இறக்கியிருந்தார். கேட்டால், தகர டம்ளரைக் கரண்டியால் தட்டுவது மாதிரி இருந்தது. எனக்கு ஏமாற்றம். இது ஜால்ரா இல்லையே என்றேன்.

“ஜால்ரா இல்லதான். அது போயிடுச்சு. அடி எங்க விழுதுன்னு மட்டும் கேளுங்க, அது உங்க அப்பா கை” என்றார்.

கேட்டேன். ஒவ்வொரு அடியின் முடிவிலும் அப்பா மற்றவர்களைவிட ஒரு இமைப்பொழுது முந்தியிருந்தார். வீட்டுக்குப் போக அவசரப்படுகிறவர் மாதிரி. எதற்கும் அவசரப்படுகிற மனுஷன்தான். பந்தியில் முதலில் எழுந்து இலையை மடிப்பார். அந்தப் பஞ்சு அறையில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். மேடம் வெளியே போய் அடுத்து காத்திருந்தவரிடம் பத்து நிமிடம் ஆகும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

அதன் பிறகு எனக்கென்று ஒரு ஆம்ப் தேர்ந்தெடுக்க அவரே வீட்டுக்கு வந்தார். இரண்டு பெட்டிகளை இரவல் வாங்கி நிஜாம் பாயோடு காரில் கொண்டுவந்தார். நான் ஞாயிறு வரச் சொன்னேன். அவர் வேலை நாளில், வயலுக்கு மும்முனை மின்சாரம் விடுகிற நேரம் எது என்று கேட்டுக்கொண்டு அந்த நேரத்தில் வந்தார். சுற்றிலும் மோட்டார்கள் ஓடும், எங்கள் தெருவில் விளக்கு அழும். “நல்ல கரண்டுல எல்லா ஆம்பும் நல்ல புள்ளதான். இறங்குன கரண்டுல என்ன பண்ணுதுன்னு பாருங்க” என்றார். பாட்டே போடவில்லை. வெறும் ஆம்பை ஓடவிட்டு ஹெட்போனை என் காதில் மாட்டினார். ஒன்று அடியில் ஊமென்று இரைந்தது. இன்னொன்று, வால்வு கொஞ்சம் மங்கினாலும், அமைதியாக இருந்தது. மேலே உள்ள சத்தம்தான் எனக்குப் போயிற்று, அடியில் உள்ள இரைச்சல் எல்லோரையும்விட நன்றாகக் கேட்கும், அதனால் இரைச்சல் இல்லாததை எடுப்போம் என்று கணக்குச் சொன்னார். முந்நூறு ஓம் மின்தடையுள்ள என் ஹெட்போனுக்கு அந்த அமைதியான பெட்டி சரியாகச் சேர்ந்தது. போனதை விட்டுவிட்டு இருப்பதற்காக ஆம்ப் தேர்ந்தெடுத்த ஒரே ஆள் அவர்தான். இன்றும் அதில்தான் மிருதங்கம் கேட்கிறேன், அதில் எனக்குக் குறையில்லை.

அவர் என்னிடம் கோபப்பட்டது ஒரே ஒரு முறை. போன கார்த்திகையில் டாக்டர் கதிரவன் காதைச் சோதித்துக்கொள்ள அவரிடம் போயிருக்கிறார். நான் வாங்க வைத்த ஆம்பைப் பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடியவில்லை, காதைக் குத்துகிறது. முருகையன் சார் சொன்னது தப்பாக இருக்காது, ஆகவே தன் காதில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லியிருக்கிறார். சோதித்தால் பச்சைக் குழந்தையின் காது மாதிரி இருக்கிறது. அன்று மதியமே மேடம் கூப்பிட்டார்.

“ஒருத்தர் ரகசியத்த இன்னொருத்தர்ட்ட சொல்லக் கூடாது, அது என் தொழில். அதனால காது நல்லாருக்கு டாக்டர்னு மட்டும் சொல்லி அனுப்பிட்டேன். அவர் நம்பல. நல்ல காது உள்ள மனுசன் தன் காதையே சந்தேகப்பட்டுட்டுப் போறாரு, உங்களால. நீங்க சொல்லிடுங்க அண்ணே.”

அடுத்த கூட்டத்தில் சொல்கிறேன் என்றேன். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை, டாக்டரிடம் மட்டும் சொன்னால் போதும் என்றார். இல்லை, எல்லோரிடமும் சொல்வதுதான் மரியாதை என்று பெரிய மனுஷன் மாதிரி பேசினேன். மார்கழிக் கூட்டம் வந்தது. டாக்டர் எனக்கென்று ஒரு தார் பூவன் பழம் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, காதைக் குத்தாமல் இருக்க அடுத்து என்ன வால்வு போடலாம் சார் என்று கேட்டார். நான் அதற்கும் ஒரு பெயர் சொன்னேன். மேடம் அந்தப் பக்கம் டீ டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தார், மறுபடி கழுவினார். தை மாதம் அறுவடை, கூட்டம் இல்லை. மாசியில் நிஜாம் பாயின் நான்கு அழைப்புகள்.

அடக்கத்தன்று பாயிடம் பேச முடியவில்லை. நாலைந்து நாள் கழித்து மறுபடி நாகூர் போனேன். வீட்டு முன்னறையில் போனைக் காதருகே பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மனைவி அனுப்பிய குரல் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னார். எனக்காகவும் ஒன்றைப் போட்டார். அன்று காதுக்கருவி பையில் இருந்தது. துக்க வீட்டுக்கும் அதை மாட்டிக்கொண்டு போக எனக்குத் துணிச்சலில்லை. பதிவில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. யாரோ சின்னப் பெண் கீச்கீச்சென்று ஓடுவது மாதிரி இருந்தது. யார் பாய் இது என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“பானுதான் அண்ணே. வீட்ல இப்படித்தான் பேசுவா, கீச்சுன்னு, வேகமா. உங்ககிட்ட பேசுறப்பதான் குரல இறக்கி, ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திப் பேசுவா. போன வச்சதும் தொண்டையச் செருமிட்டு வெந்நி குடிப்பா. ஏன் புள்ள இப்படின்னு கேட்டா, பெரியவங்ககிட்ட மரியாதையா பேச வேணாமாம்பா.”

எனக்குத் தெரிந்த மெஹர்பானு மேடத்தின் குரல் கனமானது, நிதானமானது. ஆரம்பத்தில் அவர் பேசுவது எனக்குப் பாதி புரியாது. நாகூர்ப் பேச்சு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அந்தச் சீட்டைக் கிழித்த நாளிலிருந்து புரிய ஆரம்பித்தது; நாகூர்ப் பேச்சு பழகிவிட்டது என்று நினைத்தேன். அதன் பிறகு கூட்டத்தில் நான் ஒரு முறைகூட, என்ன சொன்னீங்க மேடம் என்று அவரிடம் கேட்க நேர்ந்ததில்லை. கேட்டிருந்தால் உங்களில் யாருக்காவது சந்தேகம் வந்திருக்கும். நான் பேசாமல் இருந்த அந்த எட்டு மாதத்திலும் அவர் எனக்காகத் தொண்டையை அழுத்திக்கொண்டுதான் பேசியிருக்கிறார். காரணத்தைக் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

மரியாதை இல்லை பாய், எனக்குக் காது கேட்காது என்றேன். மேடத்தைத் தவிர வேறொருவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து கருவியை எடுத்து அவர் எதிரிலேயே மாட்டிக்கொண்டு, அந்தப் பதிவை இன்னொரு முறை போடச் சொன்னேன். அடுப்பில் பால் இருக்கிறது, பொங்குவதற்குள் போய் அணையுங்கள், வரும்போது புதினா வாங்கி வருகிறேன் என்று மேடம் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெண்ணைத் தெரியவே தெரியாது.

திரும்புகிற வழியில் நீடாமங்கலத்துக்குத் திரும்பாமல் மயிலாடுதுறைக்கு வண்டியை விட்டேன். டாக்டர் கதிரவன் ஒரு கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தார். முடித்துக் கை கழுவும் வரை காத்திருந்து சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். அவர் துண்டில் கையைத் துடைத்தார். “அப்ப என் காது நல்லாத்தான் சார் இருக்கு?” என்று கேட்டார். நன்றாக இருக்கிறது டாக்டர், மேடம் சொன்னது உண்மை என்றேன். அந்த ஆம்பை நான் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவருடைய ஹெட்போனுக்கு எது சேரும் என்று இனி நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள். என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். என் பேச்சை நம்பி வாங்கிய மற்ற இருவரும் தயவுசெய்து உங்கள் காதை நம்புங்கள்.

மேடத்திடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வது என்று யோசித்தேன். பஞ்சாரங்கள் சாரிடம் இருக்கின்றன, மல்டிமீட்டரைப் பாய் பத்திரமாக வைத்திருக்கிறார். அவருடைய உண்மையான குரலும் பாயின் போனில் இருக்கிறது, அது அவருக்குரியது. எனக்கென்று இருப்பது அந்தக் கனத்த, நிதானமான குரல். அதன் பதிவு ஏதாவது இருக்குமா என்று என் போனை முழுக்கத் தேடினேன். எனக்கு அவர் குரல் பதிவு எதுவும் அனுப்பியதே இல்லை, போனில் கூப்பிட்டும் நேரில் வந்தும்தான் பேசியிருக்கிறார். மூச்சுச் சத்தத்தையும் விடாமல் பதிவு செய்து சேர்த்து வைக்கிற நம்மில் ஒருவரிடமும் அது இல்லை. என் நினைவில்தான் இருக்கிறது. இப்போதைக்கு ஒரு சொல் விடாமல் கேட்கிறது.